குலவைக்கு ஓர் இங்கிலீஷ் சொல்

என் மனைவியின் குரலுக்குப் பொருத்தமாக இங்கிலீஷில் ஒரு சொல் இருக்கிறது என்று கண்டுபிடித்தவர் எதிர்வீட்டு வாத்தியார். அந்தக் குரலோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்துகிறவன் நான். அந்தக் குரலில் திட்டு வாங்கியவன் நான். காய்ச்சலில் படுத்திருந்தபோது, "வாயத் தெறங்க, முழுங்குங்க" என்று அந்தக் குரல் மிரட்ட, கசப்பு மாத்திரையை மென்றே தின்றவன் நான். எனக்குத் தோன்றாத சொல் வாடகைக்கு வந்த ஒரு மனிதருக்குத் தோன்றியிருக்கிறது. நியாயப்படி எனக்கு வயிறு எரிய வேண்டும். எரிந்தது. நியாயத்துக்கு மேலேயே எரிந்தது.

வாத்தியார் என்று தெருவில் சொல்கிறோமே தவிர, அவர் கல்லூரியில் இங்கிலீஷ் நடத்துகிறவர். சொந்த ஊர் பழனிப் பக்கம் கீரனூர். மனைவி, தென்னந்தோப்பு, மாடு கன்று எல்லாம் அங்கே. இவர் மட்டும் திண்டுக்கல்லில் எங்கள் தெருவில் ஒற்றை அறை பிடித்துத் தங்கியிருந்தார். வயது ஐம்பத்தெட்டு. ஓய்வுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான். ஆனால் தலைமுடி அப்படியே கருகருவென்று நின்றது. என் முடி எனக்கு முன்பே ஓய்வு வாங்கிப் போய்விட்டது. அவர் குரல் வேறு, கல்யாண மண்டபத்தில் நான் இறக்கி வைக்கிற பெரிய பேஸ் பெட்டி மாதிரி, பேசினால் நம் நெஞ்சுக்குள் அதிரும். என் குரல் கோயில் கோபுரத்தில் கட்டுகிற குழாய். சாதாரண நேரத்திலேயே கொஞ்சம் உச்சம். பதறினால் படியேறி மொட்டை மாடிக்கே போய்விடும்.

பெட்டி, குழாய் என்று நான் பேசுவதற்குக் காரணம் உண்டு. என் தொழில் மைக்செட். காதுகுத்து, கல்யாணம், கட்சிக்கூட்டம், கோயில் கொடை எல்லாவற்றுக்கும் ஒயர் இழுத்தவன். யார் யாருக்கோ மைக் பிடித்திருக்கிறேன். தொண்டையில் ஒன்றுமே இல்லாதவர்களைக்கூட எதிரொலி வைத்துப் பாடகர் ஆக்கியிருக்கிறேன். இதைச் சொல்லிவிட்டால் மிச்சக் கதை உங்களுக்கே புரியும்: என் வீட்டுக்காரிக்கு நான் ஒரு நாளும் மைக் நீட்டியது கிடையாது.

அவளுக்கு ஊர் சித்தையன்கோட்டைப் பக்கம். வயல்காட்டில் நாற்று நடும்போதே குலவை போட்டுப் பழகியவள். உதட்டுக்குக் குறுக்கே விரல்களை வைத்து, நாக்கைச் சுழற்றி அவள் தொடங்கினால், அடுத்த தெரு மாடு தலையைத் தூக்கும். அவள் தொடங்கிய பிறகுதான் மற்றப் பெண்கள் வாங்கிப் போடுவார்கள். எங்கள் தெருக் காளியம்மன் பொங்கலில் முளைப்பாரி தூக்கும்போது எல்லோரும் ஒருகணம் அவள் முகத்தைத்தான் பார்ப்பார்கள். நான் அப்போது என்ன செய்துகொண்டிருப்பேன் என்றால், ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் உட்கார்ந்து, குலவைச் சத்தத்தில் மைக் கூவிவிடக் கூடாதே என்று குமிழைத் திருகிச் சத்தத்தைக் குறைத்துக்கொண்டிருப்பேன்.

அந்தப் பொங்கலில்தான் வாத்தியார் அவள் குலவையைக் கேட்டார். மறுநாள் காலையில் நான் ஒயர் சுருட்டிக்கொண்டிருந்தபோது வந்து நின்றார்.

"ஏனுங்க, நேத்து மொதல்ல குலவ போட்டது உங்கூட்டு அம்மிணிதானுங்களா?"

அம்மிணி! கொங்குப் பக்கம் தாயை, மகளை, பக்கத்து வீட்டுப் பெண்ணை, எல்லோரையும் மரியாதையாக அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். பழனிக்கு எத்தனை தடவை மைக்செட் கொண்டு போயிருப்பேன். அறிவுக்குத் தெரிந்தது அடிவயிற்றுக்குத் தெரியவில்லையே. எங்கள் ஊரில் அக்கா, மதினி, தங்கச்சி என்று ஒரு முறை வைத்துக் கூப்பிட்டால் ஒரு வேலி போட்ட மாதிரி இருக்கும். இந்த அம்மிணியில் வேலியும் இல்லை, படலும் இல்லை. திறந்த வீடாகக் கிடந்தது.

"ஆமா சார்," என்றேன். குரல் மொட்டை மாடியில் இருந்தது.

விஷயத்தைச் சொன்னார். அவரிடம் படிக்க வருகிற பிள்ளைகள் பெரும்பாலும் கிராமத்துப் பிள்ளைகள். இங்கிலீஷ் சொல்லையும் அர்த்தத்தையும் நெட்டுருப் போட்டுவிட்டு, பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுகிறார்கள். அதனால் சத்தம் குறித்த சொற்களுக்கெல்லாம் நம் ஊர்ச் சத்தத்தையே பிடித்து, சொல்லோடு சேர்த்து அவர்கள் செல்போனுக்கு அனுப்புகிறார். பஸ் ஸ்டாண்டில் பிரேக் போடுகிற சத்தம் ஸ்க்ரீச். அவர் வீட்டு இரும்புக் கேட் ஸ்க்வீக். பன்றிக்குட்டி ஸ்க்வீல். அடுத்து இருந்த சொல் ஷ்ரில்.

"உசரத்துல இருக்கோணும், ஊசியாட்டம் உள்ளார எறங்கோணும். விசிலுக்குச் சொல்லலாமுங்க, சில்வண்டுக்குச் சொல்லலாமுங்க. ஆனா அம்மிணி குலவையக் கேட்டதுமே இதுதான்னு தோணிப்போச்சுங்க. ஒருக்கா பதிவு பண்ணிக்கட்டுங்களா?"

"தாராளமா சார். இதுல என்ன இருக்கு?" என்றேன்.

இதில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிட்டு அன்று முழுக்க அதில் என்னென்ன இருக்கிறது என்றே யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் கையில் வைத்திருந்த பதிவு செய்யும் கருவி தீப்பெட்டியை விடக் கொஞ்சம்தான் பெரிது. காற்றுச் சத்தம் நுழையாமலிருக்க அதன் தலையில் ரோமத் தொப்பி ஒன்று, நாய்க்குட்டி மாதிரி. லாரி நிறையச் சாமான் வைத்திருக்கிறவன் நான். அந்த நாய்க்குட்டி என்னைப் பார்த்துச் சிரித்தது போல் இருந்தது.

கடையில் உட்கார்ந்து செல்போனில் அந்தச் சொல்லைத் தேடினேன். எதிரியின் ஆயுதம் என்னவென்று தெரிந்துகொள்ள வேண்டாமா? முதல் வரியைப் படித்ததுமே எனக்கு உயிர் வந்தது. ஷ்ரில் என்றால் உச்சமாக ஒலித்துக் காதைத் துளைக்கும் சத்தம். பெரும்பாலும் கேட்பவருக்குப் பிடிக்காத சத்தம். எடுத்துக்காட்டு வாக்கியங்களும் இருந்தன. நடுவரின் விசில் ஷ்ரில். மிரண்ட பறவையின் கத்தல் ஷ்ரில். அப்புறம் யாரோ ஒரு பெண்மணி ஷ்ரில்லான குரலில் குறை சொன்னாள் என்று ஒரு வாக்கியம். இன்னொரு பெண்மணி ஷ்ரில்லாகச் சண்டை போட்டாள் என்று ஒரு வாக்கியம். இன்னும் கீழே போய்த் தேடினேன். குறை சொன்னவர்களெல்லாம் பெண்களாகவே இருந்தார்கள். ஆண் பிள்ளை கத்தினால் அதற்கு வேறு சொல் வைத்திருப்பார்கள் போலிருக்கிறது. உறுதி, ஆவேசம் என்று ஏதாவது கௌரவமாக.

நம்மிடம் இப்படி ஒரே சொல் இல்லை. கதவு கிரீச்சிடும், அணில் கீச்சிடும், பிள்ளை வீலென்று கத்தும், மைக் கூவும். ஆளாளுக்குத் தனிச்சொல். இந்த ஷ்ரில் ஒற்றை ஆளாக வந்து எல்லா வீட்டு வாசலிலும் நிற்கிறது. ஆனால் அன்றைக்கு எனக்கு மொழி ஆராய்ச்சி முக்கியமில்லை. அந்தப் 'பிடிக்காத' என்ற ஒரு வார்த்தையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். கையில் வெடி கிடைத்த சந்தோஷம்.

அவள் சுரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"உன் குலவைக்கு எதுத்த வீட்டு சாரு என்ன பேரு வச்சிருக்காரு தெரியுமா?"

"சொன்னாரு. ஷ்ரில்லாம்."

எனக்கு முன்பே அங்கே சொல்லியாயிற்று. முதல் அடி.

"அர்த்தம் சொன்னாரா?"

"உசந்த சத்தம்னாரு."

"அம்புட்டுத்தான் சொல்லுவாரு. மிச்சத்த நான் சொல்றேன், கேளு. காதக் குத்துற சத்தமாம். கேக்குறவுகளுக்குப் பிடிக்காதாம்." வருத்தப்படுகிறவன் போல முகத்தை வைத்துக்கொண்டேன். உள்ளே மேளம் அடித்தது.

அவள் கத்தியை நிறுத்தவேயில்லை. "குலவ காதக் குத்தாம மூக்கையா குத்தும்? ஒரு பக்கம் கொட்டு, ஒரு பக்கம் நாயனம், நடுவுல நீங்க கட்டுன கொழா. இம்புட்டையும் தாண்டி ஆத்தா காதுல விழுக வேணாமா? அவரு சரியாத்தான் சொல்லியிருக்காரு."

என் வெடி சுரைக்காய்த் தண்ணீரில் நனைந்து போயிற்று. போதாக்குறைக்கு, அன்றைய சுரைக்காய்க் கூட்டில் ஒரு கிண்ணம் எதிர்வீட்டுக்குப் போனது. தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிற மனிதர், ஒரு வெஞ்சனம் கொடுத்தால் என்ன என்பது அவள் கட்சி. என் கட்சி என்னவென்று யாரும் கேட்கவில்லை. கிண்ணத்தின் மேல் ஒரு தட்டும் மூடிப் போனதை மட்டும் நான் கவனித்தேன். எனக்கு வைக்கிற குழம்பை என்றைக்காவது மூடி வைத்திருக்கிறாளா?

வாத்தியார் ஊருக்குப் போகாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலைச் சாப்பாடு முடிந்த பிறகு பதிவு செய்வதென்று முடிவாயிற்று. அவள் தலைக்குக் குளித்து, காளியம்மன் பொங்கலுக்குக் கட்டிய அரக்குச் சேலையைக் கட்டியிருந்தாள். சத்தத்தைத்தானே பிடிக்கப் போகிறார், சேலையையா பிடிக்கப் போகிறார் என்று கேட்க வாய் வந்தது. கேட்டிருந்தால் பதில் எந்தச் சுருதியில் வரும் என்று தெரியும்.

வாத்தியார் மின்விசிறியை நிறுத்தச் சொன்னார். காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு நாய்க்குட்டியை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். அவள் கையை வாய்க்குக் கொண்டுபோனாள். பிறகு இறக்கினாள். மறுபடி கொண்டுபோனாள். மறுபடி இறக்கினாள்.

"வரலையே சார்."

"வெக்கப்படாதீங்க அம்மிணி. நாங்க வேணா வெளியில நிக்கறமுங்க."

"வெக்கமில்ல சார். சும்மா எப்புடிக் குலவ போடுறது? ஒரு நல்லது நடக்கணும்ல? தாலி ஏறணும், முளைப்பாரி எந்திரிக்கணும், பாலு பொங்கணும். ஒண்ணுமில்லாம வெறுவாய்க்கு வீட்டுல போடக் கூடாது."

என் மனம் குளிர்ந்தது. "அதான, சம்பிரதாயம்னு ஒண்ணு இருக்குல்ல சார்," என்று ஒத்து ஊதினேன். என் வாழ்நாளில் நான் சம்பிரதாயத்துக்காகப் பேசிய ஒரே தடவை அது. வாத்தியார் முகம் வாடியது. கருவியை மூடப் போனார். அப்போதுதான் அவள் பார்வை வீட்டைச் சுற்றி வந்தது. விளக்கைப் பார்த்தாள். நாள்காட்டியைப் பார்த்தாள். கடைசியில் என்மேல் வந்து நின்றது. சந்தையில் ஆட்டைப் பார்ப்பது போல ஒரு பார்வை.

"இவுகளுக்கு ஒரு மாலையப் போட்டு உக்கார வச்சா என்ன?"

"எனக்கா? என்னத்துக்குடி?"

"என்னத்துக்கோ. உங்களுக்கு நல்லது நடக்கட்டும்னு போடுறேன். அதுக்கு நாளுங்கெழமையும் பாக்கணுமா? போயி ஒரு மாலை வாங்கிட்டு வாங்க."

இன்னொரு ஆண்பிள்ளை என் மனைவியின் குரலைப் பிடித்துக்கொண்டு போவதற்காக, என் கழுத்துக்கான மாலையை நானே போய் வாங்க வேண்டும். இந்த மாதிரி நிலைமை புராணத்தில்கூட யாருக்கும் வந்ததாகத் தெரியவில்லை. முக்கில் பூக்கட்டுகிறவர் சம்பங்கி மாலையை எடுத்து உதறிவிட்டு, "சாமிக்காண்ணே, துட்டிக்காண்ணே?" என்று கேட்டார். துட்டி என்றால் சாவு. "எனக்குத்தாம்ப்பா," என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மேற்கொண்டு கேட்காமல் வாழை இலையில் கட்டிக் கொடுத்தார்.

கிழக்குப் பார்த்து நாற்காலியைப் போட்டு என்னை உட்கார வைத்தாள். மாலையைப் போட்டாள். நெற்றியில் குங்குமம் வைத்தாள். வாத்தியார் நாய்க்குட்டியை எங்கள் இருவருக்கும் நடுவே என் மைக் ஸ்டாண்ட் ஒன்றில் நிறுத்திவிட்டு, மறுபடி ஹெட்போனை மாட்டினார். அவள் என் முகத்தைப் பார்த்தாள். ஒரு நிமிஷம் கண்ணை மூடினாள். பிறகு கை வாய்க்குப் போனது.

குலவையை நான் எத்தனையோ ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன். எல்லாம் சாமிக்கு, மணமக்களுக்கு, வயதுக்கு வந்த பிள்ளைகளுக்கு. எங்கள் கல்யாணத்தில்கூட மற்றப் பெண்கள்தான் போட்டார்கள். மணப்பெண் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள், அவள் எப்படிப் போடுவாள்? அன்றைக்குத்தான் முதல் தடவையாக அது எனக்காக வந்தது. மெதுவாகத் தொடங்கி, மேலே ஏறி, நுனியில் நின்று நடுங்கி, அறையே மணி மாதிரி ஆகிவிட்டது. எவர்சில்வர் டம்ளர் ஒன்று கூடவே ரீங்கரித்தது. காதைத் துளைத்தது உண்மை. துளைத்துக்கொண்டு உள்ளே எங்கோ போய்விட்டது. அந்த நேரத்திலும் என் கண் போன இடத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அவள் வாய்க்கும் என் காதுக்கும் நடுவில் அந்த நாய்க்குட்டி மைக் நின்றது. எனக்கு வர வேண்டியதை முதலில் அது வாங்கிக்கொண்டு, மிச்சத்தைத்தான் எனக்கு அனுப்புகிறது என்று தோன்றியது. ஒரு மைக் மேல் பொறாமைப்பட்ட மைக்செட்காரன் எங்கள் தொழிலில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

குலவை முடிவதற்குள் வெளியே தடதடவென்று காலடிச் சத்தம். எங்கள் தெருவில் குலவை கேட்டால் பெண்கள் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வந்துவிடுவார்கள். ஒருத்தி போட்டதை மற்றவர்கள் வாங்கிப் போடாமல் விட்டால் வீட்டுக்கு ஆகாது. இதை நாங்கள் இரண்டு பேருமே மறந்துபோனோம். முதலில் நுழைந்தது பக்கத்து வீட்டுப் பெண். என்னை அண்ணே என்றும் என் மனைவியை மதினி என்றும் கூப்பிடுகிறவள். கையில் ஈர மாவு.

"ஏ மதினி! சொல்லாமக் கொள்ளாம மகனுக்கு உறுதி பண்ணிட்டீகளா?"

எங்கள் மகன் திருப்பூரில் வேலையில் இருக்கிறான். அவனுக்குப் பெண் பார்க்கத் தொடங்கியது தெருவுக்கே தெரியும். அவள் பின்னால் இன்னும் ஐந்தாறு பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். பார்த்த இடத்தில் மாப்பிள்ளை இல்லை. மாலையும் குங்குமமுமாக நான் இருந்தேன்.

பக்கத்து வீட்டுக்காரி மாவுக் கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். "ஏ ஆத்தி! அண்ணனுக்கு அறுபதாங் கல்யாணமா!"

"அப்படியா? வயசு தெரியவே இல்லயே," என்றாள் ஒருத்தி.

"ஏன் தெரியல? நல்லாத் தெரியுது," என்றாள் இன்னொருத்தி.

"சாரு எளந்தாரியா இருந்துக்கிட்டு முன்ன நின்னு எம்புட்டு எடுத்துக்கட்டிச் செய்றாரு பாருங்கடி. ஒரு வார்த்த எங்ககிட்டச் சொன்னீகளா அண்ணே?"

அந்த எளந்தாரிக்கு ஐம்பத்தெட்டு! எனக்குள் என்ன அறுந்ததென்று தெரியாது. மாலையோடு எழுந்து நின்று கத்தினேன்: "எனக்கு அம்பத்திரண்டுதான்!"

அந்தக் குரல் என்னிடமிருந்து வந்ததா என்று நானே திரும்பிப் பார்த்தேன். 'அம்பத்தி' வரைக்கும் ஏதோ மனிதக் குரல். 'ரண்டு' என்ற இடத்தில் அது உடைந்து, விசிலாகி, கூரையில் மோதியது. வாத்தியார் ஹெட்போனைப் பிடுங்கிப் போட்டுவிட்டு இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

யார் கேட்டார்கள் நான் சொன்னதை? வந்த பெண்கள் முறைப்படி குலவையை வாங்கிப் போட்டார்கள். "ரெண்டு பேரும் சேந்து நில்லுங்க" என்று அவளையும் என் பக்கத்தில் நிறுத்தினார்கள். அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. விளக்கிச் சொல்லாமல் வந்து நின்றாள் பாவி. சின்ன வயசுப் பெண் ஒருத்தி காலில் விழுந்தாள். நான் வேறு வழியில்லாமல் நன்றாயிரு என்றேன். யாரோ அரிசியைக் கொண்டுவந்தார்கள். வாத்தியாரும் ஒரு பிடி எடுத்து, பயபக்தியோடு என் வழுக்கையில் போட்டார்.

அடுத்த வாரம் சொல்லும் சத்தமுமாகப் பாடம் தயாராகி, என் செல்போனுக்கும் வந்தது. கூடவே மன்னிப்புக் கேட்டு, தவறாக நினைத்தால் எடுத்துவிடுகிறேன் என்று ஒரு வரி. அவளும் நானும் சேர்ந்து உட்கார்ந்து கேட்டோம். ஸ்க்ரீச், பிரேக் சத்தம். ஸ்க்வீக், கேட். ஷ்ரில் என்று வாத்தியாரின் பேஸ் பெட்டிக் குரல் சொல்லியது. அவள் காதைப் பக்கத்தில் கொண்டுவந்தாள்.

'எனக்கு அம்பத்திரண்டுதான்!'

அவ்வளவுதான். அடுத்த சொல்லுக்குப் போய்விட்டது. அவள் இன்னொரு முறை வைக்கச் சொன்னாள். இன்னொரு முறையும் நானேதான் கத்தினேன்.

"நான் போட்டது எங்க?"

"தெரியலயே."

"என்னைய விட்டுட்டு உங்களையவா எடுத்தாரு?"

அவள் குரலில் இருந்தது என்னவென்று எனக்குத் தெரியாதா? அந்தச் சாமானை மொத்தமாக வைத்து வியாபாரம் பண்ணுகிறவன் அல்லவா நான். பொறாமை, சுத்தமான பொறாமை, அதுவும் என்மேல். இங்கிலீஷ் படிக்கிற பிள்ளைகளின் செல்போனில் என் குரல் போய்விட்டது, அவள் குரல் போகவில்லை. எனக்கு மேளம் அடித்தது என்று ஒப்புக்கொள்கிறேன். எதிர்வீட்டுக்குக் கிண்ணம் போவதும் நின்றது. நான் கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது.

மேளம் ரொம்ப நாள் அடிக்கவில்லை. நாலு வீடு தள்ளிப் புதுவீட்டுக்குப் பால் காய்ச்சினார்கள். மைக்செட் நான்தான். பால் நுரைத்து மேலே வந்தது. பெண்கள் எல்லோரும் வழக்கம்போல அவள் முகத்தைப் பார்த்தார்கள். அவள் கை எழவில்லை.

"எனக்குத் தொண்ட கட்டியிருக்கு. வேற ஆராச்சும் போடுங்க."

அன்று காலையில்தான் அந்தத் தொண்டை என்னை முழு ஊருக்கும் கேட்கிற மாதிரி எழுப்பியிருந்தது. வேறு ஒருத்தி சின்னதாக ஒன்று போட்டாள். பால் பொங்கி வழிந்து அடங்கியது. நான் ஆம்ப்ளிஃபயர் குமிழில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். குறைப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை. அவள் இனிமேல் போடவே மாட்டாளோ? ஒரு வாத்தியாரை விரட்டப் போய், அவள் நாக்கில் இருந்ததையே விரட்டிவிட்டேனோ? பதற்றத்தில் அன்று மாலை செருப்பைக்கூட மாற்றிப் போட்டுக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனேன்.

"சார், அவ குலவைய ஏன் போடல? நல்லா வரலையா?"

"ஐயோ, அப்படியெல்லாம் இல்லீங்க." வாத்தியார் எழுந்து நாற்காலியை எனக்கு நகர்த்தினார். "ஷ்ரில்லுங்கற வார்த்தைல ஒரு மொகச்சுளிப்பு இருக்குதுங்க. காதப் பொத்த வெக்கற சத்தம் அது. அன்னிக்கு நீங்க கத்துனப்ப நான் காதப் பொத்திக்கிட்டனுங்க. அம்மிணி குலவைக்குப் பொத்தலீங்க. என்னையறியாம கையெடுத்துக் கும்பிட்டனுங்க. நீங்க பாக்கலீங்களா?"

நான் பார்க்கவில்லை. நான் நாய்க்குட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மொதல்ல அவசரப்பட்டு அந்த வார்த்தையச் சொல்லிப்போட்டனுங்க. அப்பறம் ராத்திரி கேட்டுப் பாத்தா ஒட்டவே இல்லீங்க. அவிங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு சங்கடமா இருந்துச்சுங்க. நீங்க சொல்லிப்போடுங்க."

"கேக்குறவுகளுக்குப் பிடிக்காத சத்தம்" என்று நான் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஓடிய அதே அர்த்தம்தான். அதைக் கண்டதும் நான் சந்தோஷப்பட்டேன். இந்த மனிதர் அதைக் கண்டதும் அவள் குலவையை அந்தச் சொல்லிலிருந்து விலக்கி எடுத்துவிட்டார். முன்பு எரிந்ததெல்லாம் அடுப்பு. இப்போது எரிந்தது காடு. அவரிடமிருந்து பதிவை என் செல்போனுக்கு வாங்கிக்கொண்டேன். நன்றி என்றுகூடச் சொன்னதாக ஞாபகம்.

எங்கள் தெரு அகலமானதல்ல. அன்றைக்கு அதைக் கடக்க எனக்கு நெடுநேரம் ஆயிற்று. இதை அவளிடம் சொன்னால் அவள் தொண்டை திறந்துவிடும். சொன்னால் அவர் அவள் மனதில் இன்னும் ஒரு படி ஏறிவிடுவார். என்னை விட நன்றாக ஒருத்தன் சொன்ன பாராட்டை நானே சுமந்துபோய் என் வீட்டு அடுப்படியில் இறக்க வேண்டும். பாதியை மட்டும் சொல்லலாமா என்று யோசித்தேன். மறந்துவிட்டேன் என்று சொல்லலாமா என்றும் யோசித்தேன். அதற்குள் வாசல் வந்துவிட்டது.

அவள் அடுப்பில் ஏதோ கிண்டிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"சாருகிட்டக் கேட்டேன். உன் குலவைக்கு அந்த வார்த்த ஒட்டாதாம். அது காதப் பொத்த வைக்கிற சத்தத்துக்கு உள்ளதாம். உன்னோடது கையெடுத்துக் கும்பிட வைக்கிற சத்தமாம்."

கரண்டி நின்றது. "அப்படியா சொன்னாரு?"

"ஆமா."

"எப்புடிச் சொன்னாரு? அவரு மாதிரியே சொல்லுங்க."

என் குழாயை முடிந்த மட்டும் பேஸ் பெட்டி ஆக்கிக்கொண்டேன். "அம்மிணி குலவைக்குக் காதப் பொத்தலீங்க. கையெடுத்துக் கும்பிட்டனுங்க."

அவள் சிரித்தாள். நன்றாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு நான் வெறும் ஒயர்தான். அந்தப் பக்கம் இருந்து வருகிறது, என் வழியாகப் போகிறது.

"இன்னொருக்கா சொல்லுங்க."

எத்தனை தடவைதான் ஒருத்தன் இன்னொருத்தன் குரலில் பேசுவது? தொண்டையைச் செருமிக்கொண்டேன். இந்த முறை சாரையும் விட்டேன், அம்மிணியையும் விட்டேன், இங்கிலீஷையும் விட்டேன். "அன்னைக்கு மாலையோட உக்காந்திருந்தப்ப, உன் குலவைக்கு எந்திரிச்சுக் கும்பிடணும் போல இருந்துச்சு. நாக்காலிய விட்டு எந்திரிக்க வெக்கமா இருந்துச்சு, அதான் சும்மா இருந்துட்டேன்."

அவள் அடுப்பைச் சிறிதாக்கினாள். இப்போதுதான் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள்.

"இது சாரு சொன்னதா, நீங்க சொல்றதா?"

"நான் சொல்றது."

"அப்ப இன்னொருக்கா சொல்லுங்க," என்றாள்.